முப்பத்து நாலாம் கொக்கி

அந்தக் கால்பந்து கிளப்பில் அவரைப் பூட்ஸ்காரர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய அம்மாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர். அதில் மூன்றாவது பெரியம்மாவின் மகன் மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இவர் உள்ளே வந்தார். அண்ணன் மூன்று வருடத்தில் சலித்துப்போய் லாரி ஓட்டப் போய்விட்டார். இவர் முப்பத்தொரு வருடமாகப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே உள்ள அந்த ஈரமான அறையிலேயே இருக்கிறார்.

அறையில் இரண்டு சலவை இயந்திரங்கள். ஒன்று சுற்ற ஆரம்பித்தால் நடக்க ஆரம்பிக்கும். கதவை எட்டிவிடாமல் இருக்க அடியில் கட்டை கொடுத்திருந்தார். சுவர் நெடுக நம்பர் போட்ட கொக்கிகள். ஒன்றிலிருந்து முப்பது வரை அணியில் உள்ளவர்களுக்கு. கதவை ஒட்டிய நாலு கொக்கிகள், முப்பத்தொன்று முதல் முப்பத்து நாலு வரை, சோதனைக்கு வருகிறவர்களுக்கு. "வாசப் பக்கம் இருந்தா போறதுக்கு வசதி" என்று பழைய ஆட்டக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்தக் கிளப்புக்கு வசதி கிடையாது. அதனால் ஒப்பந்தம் முடிந்து, பழைய அணி வேண்டாமென்று விட்டு, எந்தக் கொடியின் கீழும் இல்லாமல் நிற்கிற ஆட்டக்காரர்களாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். ஆட்டக்காரனைக் கேட்டால் போதும், பழைய அணிக்குப் பணம் கட்ட வேண்டாம். பத்திரிகையில் அவர்களுக்கு ஃப்ரீ ஏஜென்ட் என்று பெயர். உடைமாற்றும் அறையில் 'சும்மா வந்தவங்க'.

சும்மா வந்தவர்களில் எல்லா ரகமும் உண்டு. ஒட்டகம் என்று ஒருவர், டிஃபென்டர். கழுத்து நீளம். ஒரு சீசன் தாங்குவாரா என்று எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆறு வருடம் ஆடினார், கேப்டனாகப் போனார். முப்பத்தாறு வயதில் ஒரு கோல்கீப்பர் வந்தார், இரண்டு விரல் மடங்காது. மடங்காத அந்த விரலாலேயே பெனால்டியைத் தட்டிவிட்டு, அணியைக் கீழ் லீக்குக்குப் போகாமல் காப்பாற்றினார். இன்னொருவன் மனைவியை அழைத்து வருகிறேன் என்று போனவன்தான், அவன் துண்டு இன்னும் இருக்கிறது. வாசனை என்று ஒரு ஃபார்வர்ட், சென்ட் போடாமல் பயிற்சிக்குக்கூட வர மாட்டான். மொத்தம் பதினொரு நிமிடம் ஆடினான். பத்துப் பேர் வந்தால் மூன்று பேர் தேறுவார்கள். ஆனால் எல்லாருக்கும் அந்த மூன்று பேர்தான் ஞாபகம் இருக்கும்.

பூட்ஸ்காரருக்கு மற்ற ஏழு பேரும் ஞாபகம் இருந்தார்கள். பூட்ஸ் அடியில் தரையைப் பிடிக்க ஆறு ஸ்டட்டுகள் இருக்குமே, திருகிக் கழற்றுவது, அது தேய்ந்திருக்கிற விதத்தை வைத்தே ஆளின் காலைச் சொல்லிவிடுவார். வாசனை வந்தபோதே கோச்சிடம் சொன்னார். "இடது கால் ஸ்டட் கடைல வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு சார். ஆளு அந்தக் கால ஊனுறதே இல்ல."

கோச் கேட்கவில்லை. பதினொரு நிமிடம் ஆனதும் கேட்டார். அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முந்தின நாள் அந்த அறைக்கு வந்து, நடக்கிற இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு, "பெரியவரே, பூட்ஸ் என்ன சொல்லுது?" என்பார். அது சொல்வதுதான் நடக்கும்.

அப்படி இருக்கையில் அவருடைய மருமகனையே அவர் ஆடிய வெளியூர் அணி வேண்டாமென்று விட்டுவிட்டது. முப்பத்திரண்டு வயது, நடுக்களத்தில் ஏழு வருடம் ஆடியவர். ஒரே மகளின் கணவர். இருவரும் பெட்டியோடு வந்து மாடி அறையில் தங்கினார்கள். ஒன்பது மாதம் ஆயிற்று, யாரும் கூப்பிடவில்லை. மகள் துணிகளை அலமாரியில் அடுக்காமல் பெட்டியிலேயே வைத்திருந்தாள். எடுத்து அடுக்கினால் இங்கேயே இருந்துவிடப் போகிறோம் என்று ஆகிவிடுமாம்.

"படியில கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுதான் ஏறுறாரு" என்றாள் பூட்ஸ்காரரின் மனைவி.

"காலைல அவ்ளோ தூரம் ஓடிட்டு வர்றாரு. களைப்பா இருக்காதா?"

"நீங்க சொன்னா சரி" என்று அவள் விட்டுவிட்டாள். கால் விஷயத்தில் அவரை மீறி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவர் கோச்சிடம் ஒன்று கேட்டார். கோச் பேனாவை மூடி வைத்தார். "பத்து நாள் வரச் சொல்லுங்க. ஆனா மத்தவங்களுக்கு என்னவோ அதேதான்."

மருமகன் முப்பத்து நாலாம் கொக்கியில் சட்டையை மாட்டினார். முதல் நாள் பயிற்சி முடிந்து பூட்ஸ் வந்தது. தொட்டியில் வைத்துச் சேற்றைக் கழுவினார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வெறும் தடவலிலேயே பன்னிரண்டு ஸ்டட்டையும் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டார். புதிது பன்னிரண்டு எடுத்து முறுக்கினார். மாமனார் இதுகூடச் செய்யக் கூடாதா, புதிது போட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஐந்தாம் நாளும் மாற்றினார், ஒன்பதாம் நாளும் மாற்றினார். கண் பார்க்கவில்லை. விரல் பார்த்திருக்கும். விரலை அவர் கேட்கவில்லை.

பத்தாம் நாள் கோச் வந்து இயந்திரத்தின் மேல் சாய்ந்தார்.

"பெரியவரே, பூட்ஸ் என்ன சொல்லுது?"

"ரெண்டு காலும் சமமா இருக்கு சார்."

"நீங்க பாத்தீங்கள்ல?"

"இதோ இருக்கே" என்று பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். நேற்றுப் போட்ட ஸ்டட்டுகள் பளபளத்தன. கோச் அதைப் பார்க்கவில்லை. இவர் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் கையெழுத்து ஆயிற்று. அன்று மகள் பெட்டியைக் காலி செய்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள்.

மூன்றாவது ஆட்டம், இருபத்திரண்டாவது நிமிடம். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் தொடவில்லை. மருமகன் திரும்பினார், வலது கால் திரும்பவில்லை. மாடத்துக்கு அடியில், மைதானத்துக்குப் போகும் வழியில் மாற்றுப் பூட்ஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பூட்ஸ்காரருக்கு அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் அடங்கிப்போனது மட்டும் கேட்டது.

முட்டிக்குள் தசைநார் முன்பே பாதி கிழிந்திருந்தது என்றார் டாக்டர். அப்போதே தெரிந்து ஓய்வு எடுத்துத் தைத்திருந்தால் ஆடியிருக்க முடியாதுதான், நடக்கவாவது நேராக நடந்திருக்கலாம். இப்போது எலும்பு வரைக்கும் போய்விட்டது.

கோச் சத்தம் போடவில்லை, விசாரிக்கவில்லை. அந்த அறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த சீசனுக்கு மூன்று பேர் சும்மா வந்தார்கள். மூன்று பேருக்கும் யாரையும் கேட்காமலே கையெழுத்து ஆயிற்று. அதில் ஒருவன் அமோகமாக ஆடினான். இன்னொருவனின் குதிகால் ஸ்டட் தேய்ந்திருந்த விதம் பூட்ஸ்காரருக்குப் பிடிக்கவில்லை. மாடிப்படி ஏறிக் கோச்சின் கதவு வரைக்கும் போய், துண்டு எடுக்க வந்தவர் மாதிரி திரும்பி வந்துவிட்டார்.

ஒரு மத்தியானம் பிஸ்கட் டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் மேஜையில் கொட்டினார். பார்த்த மாத்திரத்தில் வலது காலின் வெளிப்பக்க ஸ்டட்டுகளைப் பிரித்தெடுக்க முடிந்தது. ஒவ்வொன்றும் கத்தியால் சீவினதுபோல ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நாலே நாளில் தேய்ந்ததுகூட. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மருமகனுக்கு மாடி ஏற முடியாததால் முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். பூட்ஸ்காரர் போர்வையின் மேல் ஸ்டட்டுகளை வைத்தார். மருமகன் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். அவருக்கும் அது என்னவென்று தெரியும்.

"எப்ப பாத்தீங்க மாமா?"

"இன்னைக்கு."

"அப்ப?"

"அப்ப பாக்கல, மாப்பிள்ளை. பாக்காமலே மாத்தினேன்."

மருமகன் ஸ்டட்டை மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். வரிசையாக வைத்தார், பூட்ஸ் அடியில் இருக்கிற மாதிரியே.

"எனக்கு வலிச்சுது மாமா. முதல் நாள்ல இருந்தே. தினமும் நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். ஊர்ல உள்ள காலெல்லாம் பாக்குறவரு, நம்ம கால விடுவாரா? நீங்க ஒண்ணும் சொல்லலை. சரி, வலி மனசுலதான் போலன்னு ஆடினேன்."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க கோச்கிட்ட சொல்லிடுவீங்க."

"சொல்லியிருப்பேன்" என்றார் பூட்ஸ்காரர். சொன்ன பிறகு, அது நிஜமா என்று அவருக்கே தெரியவில்லை.

சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, வெந்நீர் எடுத்து வச்சாச்சு. அவரக் கூட்டிட்டு வாங்க."

மருமகன் கையை நீட்டினார். இவர் தோள் கொடுத்துத் தூக்கினார். மருமகன் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொள்ளும் வரை, தூக்கிய பாரத்தோடு அப்படியே நின்றார். இப்போதெல்லாம் அவரால் எதையும் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. வாங்கி இரண்டு மாதம் ஆகாத செருப்பு. வலது கால் செருப்பின் வெளி ஓரம் தேய்ந்து, அடியில் தரை தெரிந்தது.