அடுப்படிக்குப் போன வசனம்

அத்தானுக்குக் காது போய்விட்டது என்று முதலில் முடிவு கட்டியவர் அத்தானேதான். தேயிலை ஃபேக்டரியில் இலையை நசுக்கும் மெஷின்களுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒருவரிடம் பேசுவதென்றால் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். ஓய்வுக்குப் பிறகு அவருக்குத் துணை டிவிதான். அதில் வசனம் கேட்கவில்லை என்று போனில் அவர் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து அக்கா பேசினாள். பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் காவல் வேலைக்கு அத்தானைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் மாட்டேன் என்கிறார். காது கேட்காதவன் எதைக் காவல் காப்பது என்பது இவர் கேள்வி. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"நீ வந்து அந்தப் பெட்டிய ஒருதரம் பாரு. பெட்டில கோளாறா, இவருல கோளாறான்னு தெரிஞ்சிரும்" என்றாள்.

மதுரையில் ஒரு பத்திரிகையில் பக்கம் முடித்து அச்சுக்கு அனுப்பும் வேலை எனக்கு. உறவுக்காரர்கள் அதை எல்லாம் தெரிந்த வேலை என்று வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட், பட்டா, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன் வரும். இந்த முறை ஹோம் தியேட்டர். சனிக்கிழமை வேலை முடிந்து சரியாகத் தூங்காமல் பஸ் ஏறினேன். போடிமெட்டு செக்போஸ்ட்டில் குளிர் பட்டுத்தான் கண் விழித்தேன்.

அக்கா வீடு தேவிகுளத்துக்குக் கீழே எஸ்டேட் லயத்தில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர். அக்கா இன்னும் கொழுந்து கிள்ளப் போவதால் வீடு அவர்கள் கையில் இருக்கிறது. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, நடுவில் திரைச்சீலை போட்ட வாசல். முன்னறையில் கட்டில் போக மிஞ்சிய இடத்தில் சுவர் நிறைய டிவி. அதற்குக் கீழே மேசையில் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர், பக்கத்தில் தரையில் அதிர்வுக்கான பெரிய பெட்டி, மூலைகளில் உயரமான ஸ்பீக்கர்கள். எல்லாம் கொச்சியில் வேலை பார்க்கும் மகள் வாங்கி அனுப்பியவை. அறைக்கு மூன்று மடங்கு பெரிய சாமான்.

"வாங்க மாப்ள" என்றார் அத்தான். "டாக்டரு வந்தாச்சு. எனக்கு வைத்தியமா, இதுக்கா?"

"முதல்ல இதுக்கு அத்தான்."

"எதுக்குப் பாத்தாலும் ஒண்ணுதான். கொட்டுச் சத்தம் நல்லாக் கேக்கு. மழை பெய்ஞ்சா கேக்கு. மனுசன் பேசுனா வாய் மட்டும் அசையுது. எங்க ஃபேக்டரி மேஸ்திரி மாதிரி."

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள் சரியான துளையில்தான் போயிருந்தது. கேபிள் பெட்டியும், நெட்டில் படம் பார்க்கும் ஸ்டிக்கும் ரிசீவரின் பின்னால் ஒழுங்காக இருந்தன. டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்திருந்தார்கள். அதுவும் சரி. மூன்று ரிமோட்டில் ஒன்றுக்கு பேட்டரி மூடி இல்லை, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. மெனுவுக்குள் போய் ஒவ்வொரு வரியாக இறங்கினேன். ஐந்து ஸ்பீக்கரும் இருப்பதாக ரிசீவர் சொன்னது, அதை நம்பி நான் எண்ணிப் பார்க்கவில்லை. எந்த நிகழ்ச்சி வந்தாலும் ஐந்துக்கும் பிரித்து அனுப்பும்படி வைத்திருந்தார்கள். கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டினேன், கரண்ட்டை அணைத்துப் போட்டேன். சத்தத்தைக் கூட்டினால் கொட்டுதான் இடித்தது, வசனத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பொதுச்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"என்னக்கா, இன்னைக்கு வீட்டுக்குள்ளயே பாறை வெடிக்காகளா?"

"எந் தம்பி வந்திருக்கான், அவந்தான் வெடிக்கான்" என்று அடுப்படியிலிருந்தே அக்கா பதில் சொன்னாள்.

அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படத்தை ஓட விட்டேன். நீதிமன்றக் காட்சி. வக்கீல் கையை நீட்டி ஏதோ சொல்கிறார், கூட்டம் சலசலக்கிறது, வயலின் ஏறுகிறது. வக்கீல் சொன்னது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. எனக்கும் கேட்கவில்லை. அதை அத்தானிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, உடனே சந்தேகமாக மாறியது.

"என் மனசுக்காகச் சொல்லாதீக."

தண்ணீர் குடிக்கலாம் என்று திரைச்சீலையை விலக்கி அடுப்படிக்குள் போனேன். மல்லித்தூள் டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து வக்கீல் என்னிடம் தெளிவாக, ஒவ்வோர் எழுத்தும் விளங்கும்படி வாதாடினார்.

மேல் பலகையில், டப்பாக்களுக்கு நடுவே, படுக்கை வாட்டில் ஒரு நீள ஸ்பீக்கர் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் சேர்ந்து அதன் வலை பழுப்பாகியிருந்தது.

"இது ஏன் இங்க இருக்கு?"

"எனக்குத்தான்" என்றாள் அக்கா. "தேயிலைக் காட்டுலேர்ந்து வந்ததும் அடுப்படி. நான் எப்ப உக்காந்து சீரியல் பாக்கது? கேபிள்காரன் மாட்டும்போது, ஒண்ண உள்ள வைடான்னேன். மத்ததெல்லாம் உசரமா இருந்துச்சு, இதுதான் பலகைக்குள்ள அடங்குச்சு."

விஷயம் அவ்வளவுதான். இந்த மாதிரி அமைப்பில் மனிதர் பேசுவதை எல்லாம் நடு ஸ்பீக்கருக்குத்தான் அனுப்புவார்கள். அது டிவிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இரண்டு பக்க ஸ்பீக்கர்களுக்குப் பெரும்பாலும் இசை, பின்னால் இருப்பவற்றுக்கு மழை, காற்று, கூட்டம். நீளமாக இருக்கும் அந்த ஒன்றுதான் நடு ஸ்பீக்கர். அக்கா இத்தனை நாளும் சமைத்துக்கொண்டே எல்லா வசனத்தையும் கேட்டிருக்கிறாள். அத்தான் முன்னறையில் உட்கார்ந்து படத்தையும் வயலினையும் பார்த்துக்கொண்டு, தன் காதைத் தானே கழித்துக் கட்டியிருக்கிறார். 'நல்லாத்தான கேக்கு' என்று அவள் உள்ளேயிருந்து சொல்லும்போதெல்லாம் அவருக்கு அது இன்னொரு சாட்சி.

ஸ்பீக்கரைத் துடைத்துக் கொண்டுவந்து மேசையில் ரிசீவருக்கு முன்னால் வைத்தேன். பாய்க்கு அடியில் ஓடிய வயரைச் சுருட்டினேன். வக்கீல் முன்னறைக்கு வந்துவிட்டார். அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலில் கை வைத்துக் கேட்டார். நீதிபதி தீர்ப்புச் சொல்லும்வரை அசையவில்லை.

"அடியே, ஆளச் செவிடாக்கிப் போட்டியே!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். குரலில் கோபம் இல்லை. கல்யாண வீட்டில் கத்துவது மாதிரி இருந்தது.

"நான் என்ன கண்டேன்? ஐஞ்சும் ஒண்ணுபோல பேசும்னு நெனச்சேன்."

அக்காவுக்கு ஏதாவது தர வேண்டுமே என்று, பின்னாலிருந்த ஒரு ஸ்பீக்கரை எடுத்து வயரை நீட்டி அடுப்படிப் பலகையில் வைத்துப் பார்த்தேன். சற்றுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அவருக்குப் பேச்சு. எனக்கு மழையும் காக்காயுமா? கொண்டு போ தம்பி. எங்களுக்கு வெளியவே கிடக்கு."

அவள் அரிவாள்மணையையும் பீன்ஸையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கே வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு பழைய நகைச்சுவைக் காட்சி போட்டோம். எனக்கு முதுகு வலித்தது. சுவரில் சாய்ந்து படத்தை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது தொழில் பழக்கம், களைப்பிலும் நிற்காது. அக்கா சிரித்தாள். அத்தான் சிரித்தார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை அக்கா சிரிக்கவில்லை, அரிவாள்மணையில் நார் சிக்கியிருந்தது. அத்தானும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்திருந்தேன். அவர் கண் டிவியில் பாதி, அக்கா முகத்தில் பாதி இருந்தது.

பெட்டியிலும் கோளாறு இருந்தது. அவரிலும் இருந்தது. ஒரு செய்திக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று தலைப்புப் போட்டுப் பழகியவனுக்கு இது சங்கடமான முடிவு.

அக்கா உலை வைக்க உள்ளே போனபோது பின்னால் போய் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, அத்தானுக்கு நெசமாவே கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு. தேனியில ஒரு காது டாக்டர்கிட்ட..."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மெஷினுக்குப் பக்கத்துல நின்ன காது பெறகு எப்படி இருக்கும்? டாக்டர்கிட்டயும் போகலாம், மெதுவா. இந்த மனுசன் இப்படி வீட்டுக்குள்ளயே சுருண்டு கெடக்கதுதான் எனக்குப் பயம்."

"காவல் வேலைக்குக் காது..."

"அங்க ரெண்டு நாய் இருக்காம். சத்தத்த அது கேக்கும். இவரு டார்ச் அடிச்சாப் போதும். நீ ஒண்ணும் சொல்லிராத."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் அன்று ஒரு வேலை மாதிரியே இருந்தது. திரும்பி வந்தபோது அத்தான் திங்கட்கிழமைக்குக் காத்திராமல் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ஹோம்ஸ்டேக்காரரைக் கூப்பிட்டிருந்தார். நெஞ்சை நிமிர்த்தி, ஃபேக்டரிக் குரலில் பேசினார். வாரேன், கண்டிப்பா வாரேன், காதா, அது ஒண்ணுமில்ல, பெட்டிக் கோளாறு. மறுமுனையில் மலையாளமும் தமிழும் கலந்து நிதானமாக ஏதோ சொன்னார்கள். அத்தான் சரி சரி என்று தலையாட்டி வைத்துவிட்டார்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே திரைச்சீலைப் பக்கம் திரும்பினார்.

"ஏளா, எத்தன மணிக்கு வரச் சொன்னாக?"

"ஆறு" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து. "கம்பளி கொண்டு வரணுமாம்."