மூன்றாம் கூண்டின் அட்டை

மூன்றாம் கூண்டில் ஒரு பூனை படுத்திருக்கிறது. பதினான்கு வயது. முன்காலில் சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது. அது பிழைக்குமா இல்லையா என்பது நாளைக் காலை ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அதன் அட்டையை நிரப்ப வேண்டிய நர்சம்மா, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக நிற்கிறாள். ஒரு எழுத்து நகரவில்லை.

நர்சம்மாவுக்கா இந்தக் கதி! இந்த மிருக ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக அட்டை எழுதுகிறவள். சீழ், அழுகிய பல், மூத்திரத்தில் ஊறிய போர்வை, எல்லா நாற்றமும் அவள் மூக்குக்கு உறவாகிவிட்டன. கிழநாயின் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, கையைக் கழுவியதும் நிம்மதியாக டீ குடிப்பாள். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வருவது ஒரே ஒரு வார்த்தைக்குத்தான். வயசாயிடுச்சு.

நாய் படி ஏறவில்லையா? வயசாயிடுச்சு. பூனை இளைத்துத் துரும்பாகிவிட்டதா? வயசாயிடுச்சு. நகம் வளர்ந்து, சுருண்டு, பாதத்துக்குள்ளேயே குத்திப் புண்ணாகிக் கிடக்கும். அதற்கும் அதே பல்லவி. “நகம் வெட்டாம விட்டது யாரோட வயசுங்க?” என்று கேட்பாள்.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அட்டையில் ‘எத்தனை நாளாக’ என்றொரு கட்டம் உண்டு. அதில் நாள் கணக்கோடு, கொண்டுவந்தவர்கள் சொன்ன சமாதானத்தையும் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுவாள். எழுதியதை, வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசிப்பாள். டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். நர்சம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாயைத் தரையில் விட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றார்.

“ஊசி போட்டு முடிச்சிடுங்க. பாவம், கஷ்டப்படுது.”

“எத்தனை நாளா சாப்பிடல?”

“ரெண்டு மாசமாவே சரியில்லங்க. வயசாயிடுச்சு, அதான்.”

“ரெண்டு மாசமாவே சரியில்லங்க. வயசாயிடுச்சு, அதான்,” என்று நர்சம்மா மணி அடித்த மாதிரி வாசித்தாள். பிறகு குனிந்து நாயின் உதட்டைத் தூக்கினாள். கடைவாய்ப் பல்லடியில் சீழ் கட்டி, கண்ணுக்குக் கீழே வரை வீங்கியிருந்தது. நாற்றம் அறையை நிறைத்தது. அந்த மனிதர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். நர்சம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

“கைய எடுங்க சார். ரெண்டு மாசமா அந்த ஜீவன் இதை வாயிலயே வச்சிக்கிட்டு இருக்கு. உங்களால ரெண்டு நிமிஷம் முடியலையா?”

இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். நாலாம் நாள் நாய் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, அந்தக் கிண்ணத்தை நக்கி நக்கியே சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. “அட, இவ்வளவுதானா?” என்றார் சட்டைக்காரர். “இவ்வளவுதான்,” என்று சொன்ன நர்சம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் இதே கதைதான். கைக்குட்டையைப் பிடித்த தினுசை நடித்துக் காட்டினாள். “மனுஷங்களா இவங்க? பாத்தாலே அருவருப்பா இருக்கு,” என்றாள். மகள் கேட்டுக்கொண்டே குளியலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே வீட்டுப் பூனை மகாராணி பக்கெட் விளிம்பில் முன்கால் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குடித்தது, குடித்தது, நிறுத்தவே இல்லை. மகள் ஏதோ கேட்டாள். நர்சம்மா போகிற போக்கில் ஒரு பதில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

இன்று காலை, அம்மா வேலைக்குக் கிளம்பிய ஒரு மணி நேரத்தில், மகள் மகாராணியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வாந்தி. நிற்கக் காலில் தெம்பு இல்லை. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே நர்சம்மாவின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சிறுநீரகம் கெட்ட பூனையின் மூச்சில் வருகிற மூத்திர நெடி. நூறு பூனைகளிடம் முகர்ந்து, முகர்ந்த நொடியில் சொல்லியிருக்கிறாள். தினமும் காலடியில் படுத்த பூனையிடம் அந்த மூக்கு எங்கே போயிற்று? தன்னைப் பார்த்தே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

“தண்ணி அதிகமா குடிக்க ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?” என்று டாக்டர் கேட்டார்.

மகள்தான் சொன்னாள்.

“நாலு மாசம் இருக்கும் டாக்டர். நான் அம்மாகிட்ட மூணு தடவை சொன்னேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. “கட்டத்துல ஒண்ணும் எழுத வேணாம் நர்சம்மா. நானே பாத்துக்கறேன்,” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அந்தக் கரிசனம் நர்சம்மாவுக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

அரை மணி நேரத்துக்குப் பிறகு இப்போதுதான் பேனா நகர்கிறது. ஒரு வரி. வரிசையில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் அந்தச் சட்டைக்காரர், பல் பிடுங்கிய இடத்தைக் காட்ட, அதே நாயோடு. நர்சம்மா அவரைப் பார்க்கிறாள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் வாசிக்கிற அதே குரலில் வாசிக்கிறாள்.

“நாலு மாசமா. வயசாயிடுச்சுடி, அதான்.”