முனாப் ஹாஜியாரின் காரும் மருமகனின் தூணும்

காத்தான்குடியில் ஆண்கள் உடுத்தும் சாரன் மொத்த வியாபாரம் செய்யும் முனாப் ஹாஜியாரிடம் ஒரு மின்சாரக் கார் இருக்கிறது. கறுப்பு நிறம், கப்பலில் வந்தது. கதவின் கைப்பிடிகள் உள்ளே ஒளிந்திருக்கும். சாவியோடு ஹாஜியார் கிட்டப் போனால் வெளியே எட்டிப்பார்க்கும். அவரைக் கண்டதும் முகம் காட்டுகிற ஒரே பொருள் இந்த ஊரில் அதுதான்.

அந்தக் காரில் ஏற ஒரு சட்டம் உண்டு. செருப்பைக் கழற்றி, பையில் போட்டு, மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் வந்த நாளிலிருந்து அவருடைய மனைவி றமீஸா ஆட்டோவில்தான் போய் வருகிறார்.

மூத்த மகள் பஸ்னாவின் கலியாணத்தன்று மாப்பிள்ளையைக் கூட்டிவரவும் அந்தக் கார்தான் போனது. மாப்பிள்ளை அஸ்பாக், கணக்கு வாத்தியார். அவருடைய குடும்பம் முழுவதும் பார்த்து நிற்க, ஹாஜியார் கார்க் கதவைப் பிடித்தபடி சொன்னார்:

"மருமகன், சப்பாத்தக் கழட்டிட்டு ஏறுங்க. கார்ப்பெட் ஊத்தையாகும்."

புதுச் சப்பாத்தைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போனார். கணக்கு வாத்தியார்கள் எதையும் மறக்கிறவர்கள் அல்ல.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார்; பெற்றவர்கள் அதை மகள் பெயரில் எழுதிவிட்டு, அடுத்த மகளுக்குக் கட்டுகிற வீட்டுக்கு இடம் மாறுவார்கள். வீட்டுக்கு உறுதி எழுதிய நாளில், பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஒரு நல்ல கேள்வி கேட்டார். முன் போட்டிக்கோத் தூணில் கார் சார்ஜ் பண்ணுகிற பெட்டி இருக்கிறதே, அதை வேறாக்கி எழுதவா என்று. சாட்சிக்கு வந்த நாலு பேர் பக்கத்தில் இருந்தார்கள். நாலு பேர் இருந்தால் ஹாஜியாருக்குப் பெருந்தன்மை பொங்கும்.

"மகளுக்கு ஊடு குடுக்கிறவன் ஆணி புடுங்கிற இல்ல," என்றார்.

பெட்டியும் போனது.

சின்ன மகள் ஸஹ்ராவுக்காகப் பாதி கட்டியிருந்த வீட்டுக்கு ஹாஜியார் குடிபோனார். அந்தக் குறுகலான ஒழுங்கையில் சாதாரண கரண்ட் லைன்தான். த்ரீ பேஸ் கரண்டுக்கு மனுக் கொடுத்து ஆறு மாதம். சாதாரண பிளக்கில் காரைக் கொழுவினால் தண்ணீர் மோட்டார் முனகி நின்றுவிடும். குளிப்பதா, கார் ஓட்டுவதா, ஒன்றைச் சொல்லச் சொன்னார் றமீஸா. பதில் வருமுன்னே பிளக்கைக் கழற்றியும் விட்டார்.

ஆகவே மூன்று நாளைக்கு ஒரு தடவை ஹாஜியார் பழைய வீட்டு வாசலுக்குப் போனார். முதல் மாதம் கேட் திறந்து கிடந்தது. இரண்டாம் மாதம் தூணடியில் மருமகனின் மோட்டார் சைக்கிள் நின்றது. மூன்றாம் மாதம் கேட்டில் பூட்டு. ஹாஜியார் ஹோர்ன் அடிப்பார். பணிவாகச் செய்யப்பட்ட வெளிநாட்டு ஹோர்ன் அது; கேட்டைத் தாண்டிக் கேட்காது.

இப்படியிருக்க ஸஹ்ராவுக்கு ஓட்டமாவடியிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பேசி முடிக்க வரச் சொல்லியிருந்தார்கள். ஹாஜியார் மாப்பிள்ளையின் வாப்பாவிடம் மகளைப் பற்றி இரண்டு நிமிடமும் காரைப் பற்றி இருபது நிமிடமும் டெலிபோனில் பேசி வைத்திருந்தார். இனி ஆட்டோவில் போய் இறங்க முடியாது.

ஆனால் வியாழக்கிழமை வெல்லாவெளிக்குப் போய், தன்னிடம் சாரன் வாங்குகிற கடைக்காரர்களுக்குக் காரைக் காட்டாமல் இருக்கவும் முடியவில்லை. திரும்பும் வழியில் சார்ஜ் இறங்க, ஏசியை நிறுத்தினார். கண்ணாடியைத் திறந்தால் ஏசி இல்லை என்று ஊர் நினைத்துவிடும். மூடியபடியே வியர்த்து ஊற்ற ஊர்ந்தார். மண்டூர்ப் பக்கம் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் அவரை முந்திப் போனது. வீடு வந்தபோது சார்ஜில் மிச்சம் நூற்றுக்கு ஒன்பது வீதம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மகள் வீட்டுக் கேட்டில் நின்றார். அஸ்பாக் வந்து திறந்தார். தூணுக்கும் காருக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"மாமா, மூணு நாளைக்கு ஒருக்கா இந்தக் கேட்டில வந்து நிக்கிறது உங்களுக்கும் வெக்கம், எங்களுக்கும் வெக்கம். கார் இங்கயே நிக்கட்டும். சாவி அந்த ஆணியில தொங்கட்டும்."

"இது என்ட கார்."

"ஓம் மாமா. தூண் எங்கட."

ஹாஜியாருக்கு முகம் கறுத்தது. இப்போதே எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பஸ்னாவின் குரல் வந்தது.

"ஆணி புடுங்கிற இல்லண்டு நீங்கதானே சொன்ன, வாப்பா."

ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றரை. கதவோரத்து ஆணியைப் பார்த்தார். அவரே அடித்த ஆணி. சாவியைத் தொங்கவிட்டார்.

மூன்று மணிக்கு, சார்ஜ் ஏறிய காருக்குப் பக்கத்தில் ஹாஜியார் காத்து நிற்க, அஸ்பாக் வெள்ளைச் சட்டையும் சப்பாத்துமாக வெளியே வந்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். மச்சினியின் கலியாணப் பேச்சு, தான் வராமல் எப்படி என்று சொல்லிக்கொண்டே காரை நெருங்கினார். கைப்பிடிகள் எட்டிப்பார்த்தன. அவர் சப்பாத்தோடு சாரதி ஆசனத்தில் ஏறி அமர்ந்து, மற்றக் கதவைத் திறந்துவிட்டார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க மாமா. கார்ப்பெட் ஊத்தையாகும்."

பை இல்லை. ஓட்டமாவடி வரைக்கும் ஹாஜியார் செருப்பை மடியில் வைத்திருந்தார்.

அங்கே ஸஹ்ராவுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் வாப்பா வாசலுக்கே வந்து வரவேற்றார். சாரதிப் பக்கமாகச் சுற்றிப் போய், அஸ்பாக்கின் இரண்டு கைகளையும் பிடித்து ஸலாம் சொன்னார். மற்றப் பக்கத்தில் ஹாஜியார் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.