கஸ்தூரிக்கு வயிற்றுவலி வந்த நாள்

இன்று ஆவடியில் ரயில் ஏறினால், எதிர் சீட்டில் எங்கள் ஆறாம் வகுப்பு டீச்சர், மகளோடு. எண்பதைத் தாண்டியிருப்பார்.

எழுபத்து மூன்றாம் வருஷம், வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த கஸ்தூரி ஒருநாள் அழுதாள். "வயிறு ரொம்ப நோவுது டீச்சர், ஊட்டுக்குப் போறேன்."

"நடிக்காதடி. அப்பா லெட்டர் எங்க?"

கடிதம் இல்லாமல் மணியடிக்கும் முன் யாரையும் அனுப்பக்கூடாது என்பது பள்ளியின் விதி. மறுபடி கேட்டதற்கு, வெயிலில் முட்டி போட வைத்தார்.

சாயங்காலம் நான்தான் அவளைத் தாங்கிப் பிடித்து சேக்காட்டில் அவள் வீடு வரை நடத்திக்கொண்டு போனேன். குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

இன்று டீச்சரிடம் கேட்டேன். "கஸ்தூரிய ஞாபகம் இருக்கா டீச்சர்?"

"எந்தக் கஸ்தூரி?" கொஞ்சம் யோசித்தார். பிறகு மகளிடம் திரும்பி, "என் கிளாஸ்ல ஒரு பொண்ணும் பாதியில எழுந்து போனதில்ல, தெரியுமா?" என்றார் பெருமையாக.

அம்பத்தூரில் இறங்கும்போது, பழக்கதோஷத்தில், "வரேன் டீச்சர்" என்று கும்பிட்டு வேறு தொலைத்தேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?