வடக்கு என்றால் தெற்கு

மீன் பிடிக்கிறவன் பொய் சொல்வான். இதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் தையல்காரன். வருகிறவர்களின் இடுப்பளவைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவன். ஆனால் விடுமுறை நாளில் நீர்த்தேக்கத்தின் கரைக்கு வந்துவிட்டால் என் பொய்யெல்லாம் கைக்குழந்தை. அங்கே வெல்டர் ஒருவர் இருக்கிறார். அவர் பிடிக்கும் கெளுத்தி வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு முழம் வளர்ந்துவிடும். மருந்துக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். பை கனத்துத் தோள் இறங்கியிருக்கும், "ஒண்ணுமே மாட்டல" என்பார். எந்த இடத்தில் மீன் கடித்தது என்று பெற்ற தாய் வந்து கேட்டாலும் எங்களில் ஒருவனும் சொல்ல மாட்டான்.

இத்தனை புளுகர்களுக்கு நடுவில் உண்மை பேசியது ஒரு கரும்பலகை மட்டும்தான். அதை எழுதியவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

படகுத்துறையை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு கடை. முன்பக்கம் டீ, பின்பக்கம் மண்புழு. கணவர் காலமான பிறகு, நாங்கள் பலகை அக்கா என்று கூப்பிடும் அவர்தான் ஒண்டியாக அதை நடத்தினார். வயது ஐம்பதுக்கு மேல். வலது கை டீக்கு, இடது கை புழுவுக்கு, ஒருநாளும் மாற்றியதில்லை என்பார். நாங்களும் அதை நம்பித்தான் குடித்தோம். தூண்டிலை அவர் கையால் தொட்டதில்லை, படகில் கால் வைத்ததில்லை. ஆனால் இந்தத் தண்ணீரில் எங்கே மீன் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

குளிர் விலகி வெயில் மெல்லத் தலைகாட்டும் நாட்கள்தான் எங்களுக்கு அறுவடைக் காலம். மலையிலிருந்து புதுத் தண்ணீர் இறங்கும். ஆறு வந்து சேரும் இடம் கலங்கலாகவும் அணையோரம் தெளிவாகவும் இருக்கும். குளிரில் ஆழத்தில் முடங்கிக் கிடந்த கெண்டையெல்லாம் முட்டையிட இடம் தேடிக் கரையோரப் புல்லுக்கு வரும். கை வைத்துப் பார்த்தால் தண்ணீர் இதமாக இருக்கும். அதை நம்பி உள்ளே இறங்கினால் தொலைந்தோம், முழங்காலுக்குக் கீழே ஐஸ் பெட்டிதான். மதியத்துக்கு மேல் காற்று வேறு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும். இப்படி நாளுக்கொரு குணம் காட்டும் பருவத்தில் பலகையைப் பார்க்காமல் யாரும் படகை அவிழ்க்க மாட்டோம்.

காலையில் அவர் எழுதுவது இப்படி இருக்கும்: "தண்ணீர் ஏறுகிறது. ஆற்று வாய் கலங்கல், போக வேண்டாம். தெற்கு ஓடைப் புல்லோரம் கெண்டை, மண்புழு போதும். கெளுத்தி அணையோரம், பொழுது சாய்ந்த பிறகு. காற்று வரும், சீக்கிரம் திரும்பவும்." அவ்வளவுதான். அது பொய்த்து நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், எங்கள் பொய்யிலிருந்துதான். முந்தின நாள் திரும்பி வந்தவர்கள் விட்ட கரடியையெல்லாம் டீ ஆற்றிக்கொண்டே கேட்பார். முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். செருப்பில் சிவப்பு மண் ஒட்டியிருந்தால் கிழக்குக் கரை. கால்சட்டையில் புல் விதை என்றால் தெற்கு ஓடை. வெல்டர் மூன்று என்றால் ஒன்று. மருந்துக் கடைக்காரர் ஒன்றுமில்லை என்றால் பை நிறைய. எங்கள் வாயிலிருந்து விழுந்த பொய்யையெல்லாம் புடைத்து உமியைத் தள்ளிவிட்டு அரிசியை மட்டும் பலகையில் போடுவார். என் பொய்யை எப்படிப் பிரித்தார் என்று கேட்டதற்கு, "உங்க பொய் பாவம், அதுல மீனே இல்ல" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

அவருக்கு ஒரே தம்பி. லாரிப் பட்டறையில் மெக்கானிக். கரையில் அவனுக்குப் பெயர் தலைகீழ். எதைச் சொன்னாலும் நேர்மாறாகத்தான் சொல்வான். வடக்கே போகிறேன் என்றால் தெற்கே போகிறான் என்று அர்த்தம். மாவு வைத்தேன் என்றால் புழு வைத்திருக்கிறான். சின்ன வயதில் அம்மா எங்கே போகிறாய் என்று கேட்ட நாளிலிருந்தே அப்படியாம். பேராசையால் அல்ல, பழக்கம். பிறவிக் குணத்தைப் பட்டறையில் போட்டா தட்டி எடுக்க முடியும்?

அவன் வடக்கு என்றதும் அக்கா சிரித்துக்கொண்டே பலகையில் தெற்கு என்று எழுதுவார். "என் பொழப்பைக் கெடுக்குறியே" என்று அவன் முறைப்பான். ஆனால் அந்த முறைப்புக்குள் ஒரு பெருமை இருந்தது. உலகத்தில் அவன் பேச்சைக் கோபிக்காமல் திருப்பிப் போட்டுப் படித்தவர் அந்த ஒருத்திதான். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேசாமலே நடந்த விளையாட்டு அது.

ஒரு குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்து எழுந்தான். தனியாகப் படகில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவன் மனைவிக்குத் தெரியாதா? வெயில் தலைகாட்டியதுமே கடைக்கு வந்து அக்காவிடம் அழாக்குறையாகச் சொன்னாள். போகாதே என்றால் கேட்க மாட்டார், எங்கே போகிறார் என்றாவது தெரிந்தால் தேவலை, நீங்கள் சொன்னால் கேட்பார் என்றாள்.

மறுநாள் அக்கா தம்பியைப் பிடித்து உட்கார வைத்தார். அப்போது நானும் டீக் கிளாசும் கையுமாக அங்கேதான் இருந்தேன்.

"மீனைப் பத்தி நீ என்ன வேணா புளுகு. எங்க போறேங்கறதை மட்டும் என்கிட்ட நிஜமா சொல்லிட்டுப் போ."

அவன், "சரிக்கா" என்றான்.

அவன் எழுந்து போன பிறகு அக்கா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவன் அகராதியில் சரி என்றால் முடியாது என்றுதானே பொருள். நானும் சிரித்துவைத்தேன்.

அதற்கடுத்த விடுமுறை நாள். முந்தின இரவு லேசாக ஒரு மழை, வருஷத்தின் முதல் வெதுவெதுப்பான மழை. விடிந்தபோது காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. கரையோரப் புல் தானாக அசைந்தது, அடியில் கெண்டை உரசுகிறது என்று அர்த்தம். இப்படி ஒரு காலை வருஷத்துக்கு ஓரிரண்டு தடவைதான் வாய்க்கும். எல்லாருக்கும் கை பரபரத்தது.

தலைகீழ் வந்தான். புழு வாங்கினான். வாசல்படியில் நின்று கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, வடக்குக் கரைக்குப் போறேன். மதகுக்கு இந்தப் பக்கம், தண்ணிக்குள்ள பட்ட மரம் நிக்குதுல்ல, அதுகிட்ட" என்றான்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவ்வளவு விவரமாக அவன் பொய் சொன்னதே இல்லை. வடக்குக் கரை, மதகு, பட்ட மரம் என்று மூன்று பூவை ஒன்றாகக் காதில் சுற்றுகிறான் என்றார். அவன் படகு, கரை நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தாண்டி மறைவதற்குள் பலகையில் "தெற்கு ஓடை, கெண்டை" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, அதுதான் தெரியுமே.

நான் பலகையை நம்பித் தெற்கே போனேன். கெண்டை நன்றாகவே கடித்தது. எத்தனை என்று கேட்காதீர்கள், சொன்னாலும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. தலைகீழ் கண்ணில் படவில்லை. ஓடையில் வளைவுகள் அதிகம், ஏதோ ஒன்றில் பதுங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் தாண்டியதும் காற்று கிளம்பியது. எண்ணெயாகக் கிடந்த தண்ணீர் பல்லைக் காட்டியது. அவசரமாகத் துடுப்புப் போட்டுத் துறைக்கு வந்தோம். வெல்டர், மருந்துக் கடைக்காரர், எல்லாரும் வந்துவிட்டார்கள். தலைகீழின் படகு மட்டும் வரவில்லை.

அக்கா கொஞ்சமும் கலங்கவில்லை. துறையில் இருந்த படகுக்காரரிடம் மோட்டார் படகை எடுக்கச் சொன்னார். என்னையும் கூடப் போகச் சொன்னார். தெற்கு ஓடையில் கடைசி வளைவு வரைக்கும் பாருங்கள், காற்றுக்கு ஒதுங்கியிருப்பான் என்றார். அந்தக் குரலில் இருந்த உறுதியில் எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொரு வளைவாக நுழைந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். கொக்குதான் எழுந்து பறந்தது. நெஞ்சு வலிக்காரன் இந்தக் காற்றில் என்ன ஆனானோ என்று நான் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கடைசி வளைவும் காலியாக இருந்ததும் திரும்பினோம்.

துறைக்கு வந்தபோது தம்பி மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். யாரோ தகவல் சொல்லி ஓடி வந்திருக்கிறாள். அவர் எங்கே போவதாகச் சொன்னார் என்று அக்காவைக் கேட்டாள். வடக்கு என்றான், அதனால்தான் தெற்கில் தேடுகிறோம் என்றார் அக்கா.

"வடக்குன்னு சொன்னாருன்னா வடக்குதான் அண்ணி. காலையில கிளம்பும்போது என்கிட்ட சொன்னாரு. இன்னையிலருந்து அக்காகிட்ட நிஜம்தான் சொல்லப் போறேன்னு."

 அக்கா இடுப்பில் செருகியிருந்த சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு நேராக வந்து படகில் ஏறினார். வாழ்நாளில் படகில் கால் வைக்காத மனுஷி. ஆட்டத்தில் விழப் பார்த்தவரை நான் பிடித்து உட்கார வைத்தேன்.  காற்றுக்கு எதிரே வடக்கே போனோம். அலை முகத்தில் அடித்தது. அவர் ஒரு தடவைகூட முகத்தைத் துடைக்கவில்லை, வடக்குக் கரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மதகுக்கு இந்தப் பக்கம், பட்ட மரத்துகிட்ட. சொன்னது சொன்னபடி அங்கேயே இருந்தான். படகு கவிழ்ந்து கிளையில் மாட்டிக் கிடந்தது. அவன் மார்பளவு தண்ணீரில், மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்கள் மரத்துப்போய், நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவனை மேலே இழுக்க முடிந்தது.

எங்கள் படகுக்குள் கிடந்தபடி அக்காவைப் பார்த்து, பல் கிட்டிப்போன வாயால், "சொன்னேனே அக்கா" என்றான்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பார். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கரை சேரும் வரைக்கும் குனிந்தே இருந்தார். அழுதார். எனக்கும் அழுகை வந்தது. காற்றில் கண் எரிகிறது என்று படகுக்காரரிடம் சொன்னேன். அதையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

அவன் பிழைத்துக்கொண்டான். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்தான். அக்கா தினமும் போய் வந்தார். கடை திறந்திருந்தது, ஆனால் பலகையில் தண்ணீர் மட்டமும் காற்றும்தான் இருந்தன. மீன் எங்கே என்று கேட்டால், "எனக்கு என்ன தெரியும்" என்பார். நாங்கள் கரடி விட்டாலும் காலைப் பார்க்க மாட்டார், கிளாசைக் கழுவிக்கொண்டிருப்பார். ஆனைக்கும் அடி சறுக்கும் அக்கா என்று வெல்டர் ஒருநாள் தேற்றப் பார்த்தார். சறுக்கியது நான், தண்ணியில் கிடந்தது அவன் என்றார் அக்கா. 

அந்தப் பருவம் அப்படியே போனது. அடுத்த குளிரும் போனது. மறுபடியும் புல்லோரம் அசையத் தொடங்கிய ஒரு காலையில் தலைகீழ் கடைக்கு வந்தான். இளைத்திருந்தான். என்னோடு என் படகில் வருவதாக ஏற்பாடு. அதற்கு அவன் மனைவி என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அக்கா, தெற்கு ஓடைக்குப் போறோம். ரெண்டாவது வளைவு" என்றான்.

அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். "தெற்கு ஓடை. ரெண்டாவது வளைவு. கெண்டை." தன் பேச்சு திரும்பாமல் நேராகப் பலகையில் ஏறியதை அவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்திருப்பான். பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பலகை திரும்பப் பேசத் தொடங்கிவிட்டது என்றால் விடுவார்களா? நாங்கள் படகை அவிழ்ப்பதற்குள் வெல்டரும் மருந்துக் கடைக்காரரும் தெற்கே கிளம்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு படகு அவர்கள் பின்னால். "உண்மை பேசினா இதான் கதி" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். நான் சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டேன்.

முனையை நெருங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா கடையை விட்டு வெளியே வந்து, துறையின் கடைசிப் படியில், நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க அக்கா இன்னும் உங்களை நம்பலை போல" என்றேன்.

அவனும் திரும்பிப் பார்த்தான். அவர் பார்க்கும்படி கையை உயரத் தூக்கி ஆட்டினான்.

"நம்புறா. முன்னெல்லாம் வெளிய வந்து பாத்ததே இல்ல. அப்ப அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. இப்ப நான் சொல்றதுதான் தெரியும்."

படகு தெற்கே திரும்பும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றார். திரும்பிய பிறகும் நின்றார்.