கொட்டாம்பட்டி மாப்ள

நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு கால்பந்து ஸ்டேடியம் இருக்கிறது. போன வாரம் அதன் கம்பி வேலி முழுக்கச் சிவப்பு ஸ்கார்ஃப்கள். மழையில் நனைந்து தொங்கின. ஒருவர்கூட எடுத்துப் போகவில்லை. நம் ஊராக இருந்தால் மறுநாளே பாதி ஆட்டுக்குட்டிகளின் கழுத்தில் இருக்கும். இந்த ஊர் டீமுக்கு ஆடி, பிறகு மேனேஜராகவும் இருந்த ஒருவர் இறந்துவிட்டாராம். என் அடுத்த வீட்டுக்காரர் கிரஹாம், ரிட்டயரான பஸ் டிரைவர், அங்கே நின்று தன் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

உங்களுக்கு உறவா என்று கேட்டேன். "இல்லை. வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ என்று அவரைப் பார்த்து ஒரு வருஷம் கத்தியிருக்கிறேன்" என்றார். வயதானவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், நல்ல ஜனங்கள் என்று நினைத்து, "அக்கறையாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்" என்றேன். கிரஹாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தோற்றுக்கொண்டே இருந்தோம். அவரைத் துரத்தினோம்" என்றார். முத்துராசு அண்ணே போய்ச் சேர்ந்த செய்தி அன்று காலையில்தான் எனக்கு வந்திருந்தது.

அண்ணே எங்கள் ஒத்தக்கடை டீமில் பதினைந்து வருஷம் பின்வரிசையில் நின்றவர். முழங்கால் போனதும் மேனேஜர் ஆனார். மேனேஜர் என்றால் கோட்டு போட்டுக்கொண்டு கோட்டோரம் நிற்பது அல்ல. பந்துக்குக் காற்றடிப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, எங்கள் அப்பாமார்களிடம் எங்களுக்காகத் திட்டு வாங்குவது. பகலில் கரண்ட் கம்பத்தில் இருப்பார், சாயங்காலம் மைதானத்தில் இருப்பார். பெண் எடுத்தது கொட்டாம்பட்டியில். நான் டீமில் ஆடிக்கொண்டிருந்த ஒரு வருஷம், ஃபைனலில் எங்களுக்கு எதிரே நின்றதும் கொட்டாம்பட்டி. அவர்கள் கோல்கீப்பர் அண்ணனின் மச்சினன்.

முதல் பாதி ஒன்றுக்கு ஒன்று. என் வலது கணுக்கால் வீங்கியிருந்ததை மறைக்க, துணியை இறுக்கிச் சுற்றி மேலே காலுறை போட்டிருந்தேன். இடைவேளையில் அண்ணே அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்தக் கால் இன்னும் நாப்பது வருசம் நடக்கணும்டா. உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். தோற்றோம்.

திரும்பி வந்ததும் ஒத்தக்கடை டீக்கடையில், டீமும் கூட வந்த கூட்டமும் சுற்றி நிற்க, நான்தான் கேட்டேன்: "மாமியார் ஊட்டு விருந்து கெட்டுப்போயிரும்னுதானே அண்ணே என்னைய உக்கார வச்சீங்க?"

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணே பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு, "வாரேன்" என்று கிளம்பினார். மறுநாள் பந்துப் பையும் விசிலும் எங்கள் வீட்டு கேட்டில் தொங்கின. அதன்பிறகு அவர் மைதானத்துப் பக்கமே வரவில்லை. கால் வீங்கி மூன்று வாரம் வீட்டில் கிடந்த எனக்கு உண்மை தெரியும். வாயைத் திறக்கவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் முடியாது என்பார்கள். நான் குனிந்து பார்க்கக்கூட இல்லை.

பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கொட்டாம்பட்டி மாப்ள. டீக்கடையில் கூப்பிட்டார்கள், கரண்ட் ஆபீஸில் கூப்பிட்டார்கள். அண்ணே பொங்கலுக்குக்கூட மாமியார் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். மதினி தனியாக பஸ் ஏறிப் போய்வந்தார். நான் நர்ஸிங் படித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டை அந்தக் கால்தான் தாங்குகிறது. லீவில் போனபோது ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பார்க்காதவன்போல போனுக்குள் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அண்ணே இறந்த செய்தி வந்த அன்று, ஷிப்ட் இடைவேளையில் செந்தில் போனில் கூப்பிட்டான். டீமில் என்னோடு ஆடியவன். "மாப்ள, அண்ணனுக்கு மேலூர் ரோட்டு முக்குல பெரிய போர்டு வைக்கிறோம். கோட்டு போட்ட போட்டோ ஒண்ணு அனுப்பு. ஃபாரின் ஆளு ஒருத்தனாச்சும் இருந்தாத்தான் கெத்து."

கண்ணீர் அஞ்சலி போர்டின் மாதிரியும் அனுப்பியிருந்தான். அண்ணன் பெயருக்குக் கீழே, பூப்போட்ட எழுத்தில், 'எங்கள் கொட்டாம்பட்டி மாப்ள'.

"அதை எடுத்துருடா. நான் பொய்யா சொன்னதுடா அது. என் படமும் வேணாம்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? அன்பாத்தானே போட்டுருக்கோம். நீ சொன்னதுங்கிறதே ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. அடிக்கக் குடுத்தாச்சு மாப்ள."

மதினிக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் துணிக்கட்டு முதற்கொண்டு.

"உன் காலு வீங்கியிருந்தது அவருக்குத் தெரியும் தம்பி. எனக்கும் தெரியும். எங்ககிட்டச் சொல்லி என்ன செய்ய? ஊருக்குல்ல தெரியணும்."

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒத்தக்கடைக்காரர்கள் யாராவது படித்தால், அந்த டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது சத்தமாகப் படியுங்கள். முத்துராசு அண்ணே ஆட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பொய் சொன்னவன் நான்.

மதினியிடம் பேசிய மறுநாள் செந்தில், வைத்த போர்டைப் படம் பிடித்து அனுப்பினான். நான் போட்டோ அனுப்பாததால், பழைய டீம் போட்டோவிலிருந்து என் முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மீசை அரும்பாத முகம். கீழே நான் இருக்கும் நாட்டின் பெயர். பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் போட்டோவில் எனக்குப் பின்னால் நின்றவர் அண்ணே. வெட்டியவன் அவரை வெட்டிவிட்டான், விரல்களை மறந்துவிட்டான். மேலூர் ரோட்டில், போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்க, என் தோளில் அவருடைய நான்கு விரல்கள் இருக்கின்றன. நான் இங்கே, அவர் காப்பாற்றிக் கொடுத்த காலில் நின்றுகொண்டிருக்கிறேன்.