ஒரு நாளுக்கு எல்லோரும் மச்சாள்

அம்மா சமைக்கும் குசினியின் சுவரில் நாட்காட்டி தொங்கும் ஆணியில் ஒரு சிறிய அட்டையும் தொங்குகிறது. கலியாண அழைப்பிதழ் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த அட்டை. பின்பக்கம் திருப்பினால் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயரில் பாதி பொன்னிற எழுத்தில் தெரியும். முன்பக்கத்தில் நீல மார்க்கரில் ஒரே ஒரு சொல்: மச்சாள். மேல் ஓரத்தில் குத்தியிருக்கும் சட்டைப்பின் உப்பு வாவியின் காற்றில் துருவேறி அட்டையில் ஒரு கறையை விட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். "எனக்குத் தந்த பட்டம்" என்று சொல்லிவிட்டு அம்மா தேநீர் ஊற்றப் போய்விடுவார்.

எழுத்து மச்சாளுடையது. அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். அண்ணனும் அப்படித்தான் ஒரு உடுப்புப் பெட்டியோடு வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனான். மச்சாள் அங்கே மணப்பெண் அலங்காரம் செய்து வந்தார். வெல்லாவெளி முதல் சித்தாண்டி வரை முகூர்த்த நாட்களில் அவரது ஸ்கூட்டியைக் காணலாம். முன்னால் அலங்காரப் பெட்டி, பின்னால் சவுரிமுடி வைத்த பை. நானோ தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில் படித்து, வீதி வேலைகளுக்கு அளவைப் பட்டியல் தயாரிக்கிறவள். மணல் எவ்வளவு, சல்லி எவ்வளவு, ஆள் எத்தனை என்று நிரல் போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. "என்ட மச்சாளுக்குச் சோறு போட்டாலும் பருக்கைய எழுதி வச்சிட்டுத்தான் சாப்பிடுவா" என்று மச்சாள் சபையில் வைத்தே என்னைப் பழிப்பார். அவரும் என்னை மச்சாள் என்பார், நானும் அவரை மச்சாள் என்பேன். அந்த முறைக்காரர்களுக்குள் பழிப்புக்கும் பகிடிக்கும் தடையில்லை. அக்காவிடமும் அம்மாவிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை மச்சாளிடம் சொல்லலாம் என்பது எங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம்.

அந்தச் சட்டத்தின்படிதான் ஒரு மாலை மச்சாள் தன் கதையை என்னிடம் சொன்னார். கலியாணமாகிச் சில வருடங்கள் அவருக்கும் அண்ணனுக்கும் உறவே கூடவில்லை. ஆசை இருந்தது, அன்பும் இருந்தது. உடம்பு மட்டும் பயந்து இறுகிக்கொண்டது. உலகத்திலேயே இப்படிப் பிறந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் டவுனில் ஒரு பெண் வைத்தியர், இது தசைகள் தாமாக இறுகும் ஒரு நிலை, பல பெண்களுக்கு வருவது, பொறுமையான பயிற்சியால் மாறக்கூடியது என்று படம் வரைந்து விளக்கியிருக்கிறார். மாறியது. அண்ணன் அந்த நாட்களில் எப்படி நடந்துகொண்டான் என்று அவர் சொன்னபோதுதான் என் அண்ணனை நான் புதிதாகப் பார்த்தேன். இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் அம்மா பேரப்பிள்ளை கேட்டுக் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். மச்சாள் மடிப்புக் கலையாத சாரியோடு அவருக்குப் பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மச்சாளை உறுத்தியது தன் கதை முடிந்த பிறகு தொடங்கிய ஒன்று. சாரி மடிப்பைப் பிடித்துப் பின் குத்திக்கொண்டிருக்கும்போது மணப்பெண்கள் அவருடைய காதுக்குள் கேட்பார்கள்: நோகுமா? மாட்டேன் என்றால் கோபிப்பாரா? பதில் சொல்லத் தொடங்கும் முன் வாசலில் நாதஸ்வரம் கேட்கும், தாய்மார் உள்ளே வந்துவிடுவார்கள். "எல்லாத்துக்கும் ஒத்திகை பாக்கிறம், மச்சாள். மாலை போடுறதுக்கும் ஒத்திகை. இதுக்கு மட்டும் கண்ணக் கட்டிக் கிணத்துக்க விடுறம்." இதை எல்லோரும் உட்கார்ந்து கதைக்க ஒரு நாள் வேண்டும், அந்த நாளில் தன் கதையைத் தானே ஒலிவாங்கியில் சொல்லவேண்டும் என்பது அவருடைய ஆசை. அண்ணனிடம் கேட்டார். "சொல்லு. ஆனா அண்டைக்கு நான் கடைசி வரிசை வாங்கிலதான் இருப்பன்" என்றான் அவன். மிச்சமிருந்தது அம்மா. அம்மாவுக்குத் தெரியாமல் ஊருக்குச் சொல்லவும் மச்சாளுக்கு மனமில்லை. மாமியாரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் நா எழவில்லை.

ஆசையை நான் நிரலாக்கினேன். இடம், வைத்தியர், தாதி, ஒலிபெருக்கி, மதியச் சாப்பாடு, கைக்குழந்தைகளுக்கு ஒரு மூலை. வாவிக்கரையில் மீனவர் சங்கக் கட்டடம் கிடைத்தது. பாலியலைப் பயமில்லாமல், பழியில்லாமல், சந்தோசமாகக் கதைக்கிற ஒரு நாள் என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதினோம். பதாகை அடிக்கக் கொடுத்தபோது நடந்ததை இப்போதும் சொல்லிச் சிரிப்போம். நாங்கள் கொடுத்தது 'பாலியல் மாநாடு' என்று. அச்சகக்காரர் நல்ல மனிதர், நாங்கள் ஒரு சொல்லை மறந்துவிட்டோம் என்று நினைத்து, 'பாலியல் வன்முறைக்கு எதிரான மாநாடு' என்று பெரிதாக அடித்து, சுருட்டி, நூல் கட்டியும் வைத்திருந்தார். அவரில் பிழையில்லை. அந்தச் சொல் எங்கள் கண்ணில் படுவதெல்லாம் வன்முறைக்கோ நோய்க்கோ முன்னால்தான். மச்சாள் பதாகையை விரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில ஒரு நாளைக்காவது நல்ல சொல்லொண்ட இருக்க விடுங்களன்" என்றார். அவர் தலையைச் சொறிந்து, புதிதாக அடித்துத் தந்தார். இந்த முறை 'மகிழ்ச்சியான' என்று தானாகவே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். அதை நாங்கள் மாற்றவில்லை.

முதல் வருடம் எல்லாம் என் நிரலின்படி நடந்தது. அதனால்தான் எதுவும் நடக்கவில்லை. ஊர்வாரியாக, ஊருக்குள் குடும்பவாரியாக ஆட்களை இருத்தினோம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அது வசதி. விளைவு, தாய்க்குப் பக்கத்தில் மகள், மாமிக்குப் பக்கத்தில் மருமகள், தம்பிக்கு முன்னால் அக்கா. வைத்தியர் கேள்வி உண்டா என்று கேட்டார். ஒரே ஒரு பெண் கையைத் தூக்கி, தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று கேட்டாள். நான் குறைகளை எழுதத் தொடங்கினேன். மச்சாளோ சோற்றுப் பந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஆட்கள் தாமாக இடம்மாறி இருந்தார்கள். இரு கரைகளிலிருந்தும் வந்த பெண்கள் தாய்வழியில் நீங்கள் எந்தக் குடி, அப்படியென்றால் எனக்கு என்ன முறை என்று விசாரித்து, மச்சாள் முறை என்று தெரிந்ததும் ஒருத்தியின் சோற்றுக் கோப்பையிலிருந்து மற்றவள் மீன் துண்டை எடுத்துக்கொண்டு பேச வாயைத் திறந்திருந்தார்கள். காலையில் ஒலிவாங்கி முன் ஊமையாயிருந்தவர்களின் சிரிப்பு வாவியின் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த வருடம் மச்சாள் அலங்காரத்துக்குப் போன வீடுகளின் பழைய அழைப்பிதழ்களையெல்லாம் வெட்டினார். பெண்களுக்கு 'மச்சாள்', ஆண்களுக்கு 'மச்சான்'. பெயர் இல்லை, ஊர் இல்லை, பட்டம் இல்லை. வாசலைத் தாண்டினால் பின்னேரம் வரை எல்லோருக்கும் எல்லோரும் அந்த முறை. டவுனிலிருந்து வந்த திருநங்கை ஒருவர் வாசல் மேசையில் அட்டைகள் வைத்திருந்த இரண்டு தட்டுகளுக்கும் முன்னால் சற்றுத் தயங்கி 'மச்சாள்' தட்டில் கைவைத்தார். பின்னால் நின்ற வயதான பெண், "கெதியா குத்துகா, மச்சாள், வெயில் சுடுது" என்றார். அவ்வளவுதான்.

அந்த வரிசையில்தான் அம்மாவைக் கண்டோம். சமையலுக்கு உதவ வந்திருப்பார் என்று நினைத்தோம். கடைசி வாங்கில் இருந்த அண்ணன் எழுந்து ஒரு தூணுக்குப் பின்னால் போனான். அம்மா மேசைக்கு வந்து கையை நீட்டினார்.

"எனக்கொண்டு இல்லையா?"

"மாமி, இது மச்சாள் அட்டை. உங்களுக்கு எப்பிடி நான்..." மச்சாள் அட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எல்லாருக்கும் ஒண்டுதான் எண்டு நோட்டீசில போட்டிருக்கு. நான் வாசிச்சிட்டுத்தான் வந்தன்."

மச்சாள் அதைக் குத்தவில்லை, கொடுத்தார். அம்மா தானே சாரித் தலைப்பில் குத்திக்கொண்டு முன்வரிசையில் போய் அமர்ந்தார்.

வைத்தியர் பேசி முடித்து ஒலிவாங்கியை மச்சாளிடம் கொடுத்தார். தன் கதையை இந்த முறையும் சொல்லாமல் விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் தொடங்கினார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பிள இருந்தா" என்றார். கலியாணமாகி நாட்கள் ஆகியும், அந்தப் பெண்ணுக்கு, உடம்பு, என்று சொல் சொல்லாக இழுத்து நின்றுவிட்டார். முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, மரக்கறி விலை கேட்கிற அதே குரல்.

"ஆர் அந்தப் பொம்பிள?"

அம்மா சாரித் தலைப்பை இழுத்து அட்டையைக் காட்டினார். "இண்டைக்கு நான் உனக்கு மாமி இல்ல, புள்ள. இதில எழுதியிருக்கிறத வாசி. வாசிச்சிட்டுச் சொல்லு."

மச்சாள் வாசித்தார். தன் கையெழுத்தையே ஏதோ புதுச் செய்தி போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான்தான் மச்சாள்" என்று சொல்லி, முழுவதையும் சொன்னார். பயந்ததை, தன்னையே வெறுத்ததை, அண்ணன் கோபிக்காமல் இருந்ததை, வைத்தியர் வரைந்த படத்தை, பிறகு வந்த நல்ல நாட்களை. நல்ல நாட்களைப் பற்றிச் சொல்லும்போது முகத்தைக் குனியவில்லை. கடைசி வாங்குப் பக்கத்திலிருந்த மச்சான்மார் அண்ணனைத் தூணுக்குப் பின்னாலிருந்து இழுத்துவந்து முதுகில் தட்டினார்கள்.

அவர் முடித்ததும் அம்மா ஒலிவாங்கியைக் கேட்டார். "அப்ப நான் வச்ச நேத்தியெல்லாம் வீணா?"

"வீணில்ல. அந்த டொக்டரக் காட்டித்தந்தது கோயில் அம்மாள்தான் எண்டு வையுங்க" என்றார் மச்சாள்.

அம்மா அதை ஒரு கணக்காக ஏற்றுக்கொண்டு வைத்தியர் பக்கம் திரும்பினார். தன் வயதில் நோவும் வறட்சியும் வருகிறதே, இனி அந்தப் பக்கம் கதவைச் சாத்திவிட வேண்டியதுதானா என்று கேட்டார். "இவட மாமனாரும் இன்னும் நல்ல சுகமாத்தான் இருக்கார்" என்று எங்கள் அப்பாவைக் காரணமாகவும் சொன்னார். கட்டடத்தின் தகரக்கூரை அந்தச் சிரிப்பைத் தாங்கியது பெரிய விசயம். வைத்தியர் சாத்தத் தேவையில்லை என்று தொடங்கி, நிதானமாக விளக்கினார். அதன்பின் கைகள் நிற்காமல் எழுந்தன. மதியச் சோறு ஆறிப்போனது. மச்சாளைச் சுற்றிக் கலியாணத்துக்கு நாள் குறித்த பெண்பிள்ளைகள் நின்றார்கள். இந்த முறை வாசலில் நாதஸ்வரம் இல்லை.

இப்போது மீனவர் சங்கக் கட்டடம் போதாது. டவுனில் ஒரு கலியாண மண்டபத்தை எடுக்கிறோம். வாழைச்சேனையிலிருந்து தனி பஸ் வருகிறது, ஆண்களின் அமர்வை அண்ணனே சில வருடங்கள் நடத்தினான், அச்சகக்காரர் இந்த வருடம் தலைப்பு என்ன என்று எங்களுக்கு முன்பே கேட்கிறார். எல்லோருக்கும் இது பிடித்துவிட்டது என்றில்லை. மண்டபம் தர மறுப்பவர்களுக்கும் என்னிடம் ஒரு நிரல் உண்டு. அண்ணனுக்கு வவுனியாவில் வேலை கிடைத்து இருவரும் அங்கே போய்விட்டார்கள். மச்சாள் அங்கேயும் பெண்களைச் சோடித்துக்கொண்டு, அழைப்பிதழ்களை வெட்டத் தொடங்கியிருக்கிறார். பேரப்பிள்ளை வந்ததா என்று கேட்பவர்களுக்கு: அம்மாவே கேட்பதை விட்டுவிட்டார், நீங்களும் விட்டுவிடலாம்.

இந்த வருடம் நான் அட்டைகளைக் கணினியில் வடிவமைத்து, பிளாஸ்டிக் உறையும் கழுத்து நாடாவும் போட்டு எடுத்தேன். அம்மா மேசைப் பொறுப்பு என்பதால் அவருக்கு 'ஏற்பாட்டுக் குழு' என்று தனி அட்டை. காலையில் கூட்டிப்போக வீட்டுக்குப் போனபோது நான் செய்து கொடுத்திருந்த அட்டை குசினி மேசையில் உறையோடு கிடந்தது. அம்மா ஆணியிலிருந்து பழைய அட்டையை எடுத்து, துருவேறிய பின்னைச் சாரித் தலைப்பில் குத்த முயன்றுகொண்டிருந்தார். புதுப் பின் தரவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டி, குத்தி முடித்தார்.

மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்து கதிரைகள் நிரம்பியதும் அம்மா என் கைபேசியை வாங்கி வவுனியாவுக்கு அழைத்தார். திரையில் மச்சாள் வாயில் பின்களைக் கடித்துக்கொண்டு யாருக்கோ கொண்டை கட்டிக்கொண்டிருந்தார். நாளை காலை இதே அம்மா மாமியாராகி, சாப்பிட்டாயா, சீட்டுக்காசு கட்டினாயா என்று அதட்டுவார். அம்மா கைபேசியைச் சாரித் தலைப்புக்கு நேரே பிடித்து முதலில் அட்டையைக் காட்டினார். பிறகுதான் முகத்தைக் காட்டினார்.

"மச்சாள், இஞ்ச இடமில்ல. அடுத்த முறை கொஞ்சம் வெள்ளன வந்து ஒரு கதிரையப் பிடி."